ஹீட்டர் சூடாகவில்லை, முள் ஏறவில்லை: கார் வெப்ப சென்சார்களை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் முறை

ஹீட்டர் சூடாகவில்லை, டெம்பரேச்சர் முள் ஏறவில்லை, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது என்று காரைக் கொண்டுபோனால், பல ஷெட்களில் முதலில் மாற்றுவது சென்சாரைத்தான். விலை குறைவு, கழற்றுவதும் சுலபம். ஆனால் பெரும்பாலான நேரம் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். என்ஜின் நிஜமாகவே சூடாகாமல் இருக்கும், அல்லது நடுவில் வயர் கெட்டிருக்கும். அதனால் கீழே வரும் எல்லாச் சோதனைகளும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன: சென்சார் காட்டும் வெப்பமும் அந்த இடத்தில் உண்மையில் இருக்கும் வெப்பமும் ஒன்றா? விடை தெரியும்வரை எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம்.

வண்டியில் எங்கே என்ன இருக்கிறது

கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) சென்சார் என்ஜின் தலையிலோ தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ இருக்கும். இரண்டு பின். இ.சி.யு. (என்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோல் அளவையும் ஃபேனையும் இதை வைத்தே முடிவு செய்கிறது. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் குழாயில் அல்லது மேனிஃபோல்டில் இருக்கும். வெளிக்காற்று சென்சார் முன் பம்பருக்குப் பின்னால், கிரில் ஓரமாக. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் கூடுதலாக மூன்று: டேஷ்போர்டில் சிறு ஜன்னல் வைத்த கேபின் சென்சார், கூலிங் காயிலின் தகடுகளுக்குள் செருகிய சென்சார், விண்ட்ஷீல்ட் அடியில் வெயில் சென்சார்.

வெயில் சென்சார் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே என்.டி.சி. தெர்மிஸ்டர்கள்தான். சூடு ஏற ஏற ஓம் குறையும். தெர்மோஸ்டாட் வால்வு என்பது வேறு. அதற்குள் மெழுகு இருக்கிறது, சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. பல வண்டிகளில் அதற்கு வயரே கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றுவது அடிக்கடி நடக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர். ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டரும் (வண்டிக் கணினி சொல்வதைப் போனுக்கு அனுப்பும் கருவி) போனில் ஒரு ஆப்பும். 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் அல்லது மல்டிமீட்டரோடு வரும் வெப்ப ப்ரோப் (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும், உதவாது). 2.2 கிலோ ஓம், 330 ஓம், 180 ஓம் என மூன்று கால் வாட் ரெசிஸ்டர்கள். சென்னை ரிச்சி தெருவில் என்றில்லை, எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஐஸ் கட்டி, ஒரு பாத்திரம், அடுப்பு.

தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிட நிறையக் குறைத்துக் காட்டும். ஹவுசிங்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது சூடாகும்வரை பொறுத்து, டேப்பைக் குறிவைத்துப் பாருங்கள்.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஃபேன் இக்னிஷன் அணைத்த பிறகும் திடீரென ஓடலாம், அதனால் கையை உள்ளே விடும் முன் யோசியுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்; மீட்டரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஒப்பிடுவதற்கான எண்கள்

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்தான் இறுதி. அது இல்லாதபோது, மிகப் பரவலாகப் பயன்படும் 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம் வகை கூலன்ட் சென்சாருக்குக் கிட்டத்தட்ட இப்படி வரும்:

0 டிகிரி: 5.9 கிலோ ஓம்
20 டிகிரி: 2.5 கிலோ ஓம்
40 டிகிரி: 1.17 கிலோ ஓம்
60 டிகிரி: 600 ஓம்
80 டிகிரி: 320 ஓம்
100 டிகிரி: 187 ஓம்

பழைய ஃபோர்டு வகை சென்சார் முற்றிலும் வேறு. 25 டிகிரியில் 30 கிலோ ஓம் பக்கம் காட்டும். அதை மேலே உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல சென்சாரையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள். கேபின், வெளிக்காற்று சென்சார்கள் பல ஜப்பானிய வடிவமைப்புகளில் 25 டிகிரியில் 1.7 கிலோ ஓம் ஒட்டி இருக்கும். எந்த வகையானாலும் பார்க்க வேண்டியது இரண்டு: சூடு ஏறும்போது ஓம் இடையில் துள்ளாமல் சீராக இறங்குகிறதா, 20 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் இடையே ஏழு முதல் பத்து மடங்கு குறைகிறதா.

ஓம் அளக்கும்போது இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும், கனெக்டர் கழன்றிருக்க வேண்டும். மாட்டியபடியே அளந்தால் இ.சி.யு.வின் உள் ரெசிஸ்டரையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

எதற்கும் முன்னால்: விடியற்காலை ஒப்பீடு

இதற்குச் செலவே கிடையாது, ஆனால் இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை. வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள், குறைந்தது எட்டு மணி நேரம், நிழலில். காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஓ.பி.டி. ஆப்பில் கூலன்ட் வெப்பம், உள்வரும் காற்று வெப்பம், வெளிக்காற்று வெப்பம் மூன்றையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எல்லாப் பாகமும் ஒரே சூட்டில்தான் இருக்கும். மூன்றும் மூன்று நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளியே தொங்கவிட்ட தெர்மாமீட்டரோடும் ஒத்துப்போக வேண்டும்.

ஒன்று மட்டும் பத்து டிகிரி விலகி நின்றால் சந்தேகம் அதன் மேல். எல்லாமே சேர்ந்து குளிராகக் காட்டினால் எந்த சென்சாரும் குற்றவாளி அல்ல. அவை பகிர்ந்துகொள்ளும் எர்த் வயரைப் பாருங்கள்.

குளிரில் ஒத்துப்போனதால் மட்டும் விடுதலை கொடுத்துவிடக் கூடாது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி 50 ஓம் கூடுதல் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் சென்சாரே 2500 ஓம். 50 கூடினால் ஒரு டிகிரிகூட மாறாது. 90 டிகிரியில் சென்சார் வெறும் 245 ஓம். அதில் 50 கூடி 295 ஆனால், இ.சி.யு. 83 டிகிரி என்று படிக்கும். ஏழு டிகிரி பொய். கனெக்டருக்குள் ஈரம் புகுந்து இரண்டு பின்னுக்கும் இடையே 10 கிலோ ஓம் கசிவு ஏற்பட்டாலோ கதை தலைகீழ்: 20 டிகிரியில் 26 என்று காட்டும், சூடானதும் பிழை மறைந்துவிடும். சுருக்கமாக, களிம்பு சூட்டில் பொய் சொல்லும், ஈரம் குளிரில் பொய் சொல்லும். எந்த நேரத்தில் எண் விலகுகிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

அறிகுறி: ஹீட்டர் வெதுவெதுப்புதான், முள் பாதிக்கு வருவதில்லை, பி0128 கோட்

இந்தப் பிழைக் கோடின் (கோளாறைக் குறிக்க இ.சி.யு. பதிந்துவைக்கும் எண்) பொருள், கூலன்ட் எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்பதே. ஸ்டார்ட் செய்தபோது இருந்த வெப்பம், என்ஜினுக்குள் போன காற்று, ஓடிய நேரம் ஆகியவற்றிலிருந்து இ.சி.யு. ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். சென்சார் கோளாறு என்று அது சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் கோடு வந்ததும் சென்சாரை மாற்றிவிட்டு, ஒரு வாரத்தில் அதே என்ஜின் எச்சரிக்கை விளக்கோடு திரும்பி வருவது வாடிக்கை.

முதலில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. குறைந்திருந்தால் நிரப்பி, கசிவைத் தேடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து ரேடியேட்டர் மேல் ஹோஸ். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஹோஸைத் தொட்டுக்கொண்டே ஆப்பைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருந்தால், கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டினாலும் ஹோஸ் குளிராகவே இருக்கும். திறக்கும் வெப்பம் வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் சட்டென்று கொதிக்கும். அப்படியில்லாமல், என்ஜினோடு சேர்ந்து முதலிலிருந்தே ஹோஸும் மெல்ல மெல்லச் சூடானால் வால்வு திறந்தே கிடக்கிறது. ஒரு கவனம்: சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், தண்ணீர் உள்ளே வரும் வழியில் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாவது இயல்பு. கீழ் ஹோஸைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹவுசிங் எந்த ஹோஸோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிராஃபிக்கில் 85, 90 டிகிரி. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் 65, 70க்கு இறங்குகிறது. மறுபடி சிக்னலில் நின்றால் ஏறுகிறது. இது திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்டின் கையெழுத்து. சென்சார் கெட்டிருந்தால் காற்றின் வேகத்தோடு இவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்காது.

நம் ஊரில் இன்னொரு சாத்தியமும் உண்டு: தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருப்பது. வெயில் ஊருக்கு இது தேவையில்லை என்று எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் ஹவுசிங்கைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் நீண்ட நேரம் குளிராகவே ஓடும், இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், ஹீட்டர் செத்துப்போகும். பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலையாக உள்ள என்ஜின்களில் இன்னும் மோசம்: தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, மேட்டில் ஏறும்போது ஓவர்ஹீட்டும் ஆகும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய பொருளே சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால்தான் சென்சார். டேப் ஒட்டிய ஹவுசிங்கில் 88 டிகிரி, ஆப்பில் 78 என்றால் வித்தியாசம் உண்மை. கனெக்டரைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள், களிம்பு இருந்தால் கான்டாக்ட் க்ளீனர் அடித்து மாட்டி மறுபடி பாருங்கள். பிறகே சென்சாரைக் கழற்றி, கீழே சொல்லும் பாத்திரச் சோதனை.

அறிகுறி: முள் நடுவில் சரியாக நிற்கிறது, ஹீட்டர் மட்டும் குளிர்

சென்சாரை விட்டுவிடுங்கள். தடுப்புச் சுவர் வழியாகக் கேபினுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர் சுற்றுகிறது; காற்றைத் திருப்பும் கதவோ அதன் கேபிளோ மோட்டாரோதான் பிரச்சினை. ஒன்று சூடு, இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் ஹீட்டர் கோரில் (கேபின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைப்பு அல்லது ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று). போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கோருக்குள் சுண்ணாம்பு கட்டியிருப்பது சகஜம். இரண்டுமே குளிர் என்றால் ஹீட்டர் வால்வு உள்ள வண்டியில் அது திறக்கவில்லை. சரியாக வேலை செய்யும் ஹீட்டரில், கூலன்ட் 85க்கு மேல் இருக்கும்போது, முழுச் சூட்டில் வைத்தால் நடு வென்ட்டில் 50 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

அறிகுறி: ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, ஆப்பில் மைனஸ் 40, பி0118

மைனஸ் 40 என்பது வெப்பம் அல்ல, சர்க்யூட் அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். இ.சி.யு. தன் உள் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது, சென்சார் அதில் ஒரு பங்கை எர்த்துக்கு இழுக்கிறது. இழுக்க ஆள் இல்லையென்றால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், இ.சி.யு. அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். எச்சரிக்கையாக ஃபேனை ஓட விட்டு, சில வண்டிகளில் ஏசியையும் நிறுத்திவிடும்.

சில இ.சி.யு.க்கள் பிழை கண்டதும் மைனஸ் 40 காட்டாமல், தானாக ஒரு மாற்று எண்ணை, உதாரணமாக 80 டிகிரியை, வைத்துக்கொண்டு ஓடும். ஆப்பில் எண் நியாயமாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். கோடு இருந்தால் வோல்ட் அளந்தே ஆக வேண்டும்.

கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து, வண்டிப் பக்கத்து இரண்டு பின்னுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 5 வோல்ட் வந்தால் வயரும் இ.சி.யு.வும் நலம், அறுந்தது சென்சாருக்குள். வரவில்லை என்றால் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து மறுபடி பாருங்கள். இப்போது ஒரு பின்னில் 5 வோல்ட் வந்தால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. எதிலுமே வராவிட்டால் சிக்னல் வயர். இரவில் நிறுத்திய வண்டியில் எலி கடித்த வயரைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்; பானெட்டைத் திறந்ததும் பஞ்சும் புழுக்கையும் தெரிந்தால் மீட்டருக்கே வேலையில்லை.

உறுதிப்படுத்த ரெசிஸ்டர் வைத்தியம். கனெக்டரின் இரண்டு பின்னிலும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால்களை மெதுவாகச் செருகுங்கள். 2.5 கிலோ ஓம் வகை வண்டியில் ஆப் 23, 24 டிகிரி காட்ட வேண்டும். 330 ஓம் வைத்தால் 80 ஒட்டி, 180 ஓம் வைத்தால் 100 ஒட்டி. மூன்றும் சரியாக வந்தால் கனெக்டரிலிருந்து இ.சி.யு. வரை எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தரலாம். 180 ஓமில் மட்டும் எண் குறைந்தால் வயரில் களிம்புத் தடை. 180 ஓம் மாட்டியிருக்கும்போது ஃபேன் ஓடத் தொடங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஃபேன் சோதனையும் இலவசமாக முடிந்துவிடும். ரெசிஸ்டர் காலைத் தடிமனான ஊசியால் மாற்ற வேண்டாம். பெண் பின் அகன்றுவிட்டால், நீங்களே ஒரு லூஸ் கான்டாக்டை உருவாக்கியிருப்பீர்கள்.

அறிகுறி: குளிர்ந்த என்ஜினிலேயே 130 டிகிரிக்கு மேல் காட்டுகிறது, பி0117

முந்தையதன் மறுபக்கம். சிக்னல் வயர் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது சென்சார் உள்ளே ஷார்ட். கனெக்டரைக் கழற்றுங்கள். எண் உடனே மைனஸ் 40க்கு விழுந்தால் குற்றம் சென்சாருடையது. விழாமல் அப்படியே நின்றால் வயரில்தான்: எக்ஸாஸ்ட் பக்கம் உருகிய இன்சுலேஷன், பிராக்கெட் ஓரத்தில் உரசிய இடம்.

அறிகுறி: ஆப்பில் சரி, டேஷ்போர்டு முள் தவறு

பழைய வண்டிகளில் முள்ளுக்கென்று தனியாக ஒற்றை வயர் சென்சார் இருக்கும். அதன் எர்த் அதன் உடம்பே, மரை வழியாக என்ஜினுக்குப் போகிறது. கசிவுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கிவிட்டால் எர்த் கெட்டு முள் கீழேயே கிடக்கும். டேப்பை எடுத்துவிட்டு அதற்குரிய வாஷரோடு மாட்டுங்கள்.

புதிய வண்டிகளில் முள்ளை ஓட்டுவது மென்பொருள். சுமார் 75 முதல் 105 வரை எதுவாக இருந்தாலும் முள் அசையாமல் நடுவில் நிற்கும்படி செய்திருப்பார்கள், ஓட்டுநர் கலங்காமல் இருக்க. அதனால் முள்ளை வைத்து நோய் கண்டுபிடிக்க முயல்வது வீண்.

அறிகுறி: எண் திடீர் திடீரெனத் துள்ளுகிறது, பி0119

கூலன்ட் நிஜத்தில் ஒரு நொடியில் 20 டிகிரி மாறாது. அப்படித் துள்ளினால் மின்சாரக் கோளாறு, அல்லது சென்சார் முனை தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. மட்டம் குறைந்து முனையைச் சுற்றி ஆவி நின்றால் எண் தடுமாறும், ஹீட்டரும் சூடு, குளிர் என்று மாறி மாறி வரும். முதலில் மட்டத்தையும் ஏர் லாக்கையும் சரிபார்த்துவிட்டு, என்ஜின் ஐடிலில் ஓடும்போது வயரிங் கட்டை அங்கங்கே அசைத்து ஆப்பின் வரைபடத்தைப் பாருங்கள். துள்ளும் இடம்தான் இடம்.

எர்த்தைச் சோதிக்க: எல்லாம் மாட்டியபடி, என்ஜின் ஓட, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சில இ.சி.யு.க்கள் 50 டிகிரி சுமாரில் உள் ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளும், துல்லியத்துக்காக. அப்போது சிக்னல் வோல்ட் சட்டென ஏறி மறுபடி இறங்கும். ஆப்பில் காட்டும் வெப்பம் துள்ளாதவரை அது கோளாறு அல்ல.

அறிகுறி: ஆட்டோ ஏசியில் 24 வைத்தால் உறைகிறது, அல்லது புழுங்குகிறது

கேபின் சென்சார் நின்ற காற்றை அளப்பதில்லை. ஏசி பெட்டியிலிருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்றின் உறிஞ்சலோ, ஒரு குட்டி ஃபேனோ கேபின் காற்றை அதன் மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். ப்ளோயரை நடு வேகத்தில் வைத்து, சென்சாரின் ஜன்னல் முன் டிஷ்யூ காகிதத்தில் கிழித்த சிறு துண்டைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது தூசி அடைத்திருக்கிறது. மியூசிக் சிஸ்டம் மாற்றிய வண்டியில் கழன்ற குழாயை எதிர்பார்க்கலாம். உறிஞ்சல் இல்லாத சென்சார் டேஷ்போர்டின் சூட்டை அளந்து, கேபின் இன்னும் வேகிறது என்று எண்ணி குளிரைக் கொட்டும். உறிஞ்சல் பாதி அடைபட்டிருந்தால் மெதுவாக உணர்ந்து, அதிகக் குளிர், அதிகச் சூடு என்று ஊசலாடும். மலையில் ஹீட்டர் போடும்போது இதே கோளாறு வேறு முகம் காட்டும்: வெயில் பட்ட டேஷ்போர்டு சூடாக இருக்க, கால் குளிர்ந்தாலும் ஹீட்டர் வராது.

வெயில் சென்சார் பற்றி ஒன்று மட்டும். சில வண்டிகளில் ஷெட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கோடு படித்தால் வெயில் சென்சார் பிழை வந்தே தீரும், ஏனென்றால் அதற்கு அது இருட்டு. வண்டியை வெயிலில் நிறுத்தி மறுபடி படியுங்கள்.

அறிகுறி: நீண்ட பயணத்தில் ஏசி காற்றே நின்றுபோகிறது, கால் மணி நேரம் அணைத்தால் திரும்புகிறது

கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. காயில் சென்சார் உறைநிலைக்குச் சற்று மேலே, 1 முதல் 4 டிகிரிக்குள், கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். சென்சார் தகட்டை விட்டு நழுவியிருந்தாலோ, உண்மையைவிடச் சூடாகக் காட்டினாலோ கம்ப்ரஸர் நிற்காது. ஏசி வேலைக்குப் பிறகு இந்தப் புகார் தொடங்கியிருந்தால், சென்சாரைப் பழைய இடத்தில், பழைய ஆழத்தில் செருகாமல் விட்டிருப்பார்கள். எதிர்த்திசைக் கோளாறில், சர்க்யூட் அறுந்தால் கணினி கடுங்குளிர் என்று படித்து, கம்ப்ரஸரை ஓடவே விடாது. கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

அறிகுறி: வெளி வெப்பம் தவறாகக் காட்டுகிறது, ஏசி வருவதே இல்லை

பம்பர் வேலை முடித்து வந்த வண்டியா? வெளிக்காற்று சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம். அறுந்த சர்க்யூட் மீண்டும் கடுங்குளிர் என்றே படிக்கப்படும். வெளியே உறைநிலை என்று நம்பும் கணினி கம்ப்ரஸரைத் தடுத்துவிடும். சென்சாரை அதன் கிளிப்பில் மாட்டாமல் ரேடியேட்டர் பக்கம் தொங்கவிட்டால் 50 டிகிரிகூடக் காட்டும். டிராஃபிக்கில் நின்றபோது சில டிகிரி கூடுதலாகக் காட்டுவதும், ஓடத் தொடங்கிய பிறகே மெதுவாகச் சரியாவதும் கோளாறு அல்ல. கணினி வேண்டுமென்றே தாமதிக்கிறது.

பாத்திரச் சோதனை

சென்சாரைக் கழற்றிய பிறகு: நொறுக்கிய ஐஸும் சிறிது தண்ணீரும் கலந்து கிளறினால் 0 டிகிரி. அதில் முனையை மட்டும் முக்கி, கனெக்டர் பக்கம் நனையாமல், இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து ஓம் பாருங்கள். பிறகு அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, தெர்மாமீட்டரையும் சென்சாரையும் அருகருகே, பாத்திர அடியைத் தொடாமல் பிடித்து, 40, 60, 80 டிகிரியில் எழுதிக்கொள்ளுங்கள். அடி தொட்டால் சென்சார் தண்ணீரை அல்ல, நெருப்பை அளக்கும்.

தெர்மோஸ்டாட்டையும் அதே பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடலாம். திறக்கும் வெப்பம் அதன் உடம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். இரண்டு டிகிரி முன்பின் வால்வு அசையத் தொடங்க வேண்டும். முழுவதும் திறக்கும்போது 8 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் ஒளிக்கீற்று தெரியாமல் மூட வேண்டும். ஹீட்டர் புகாருக்கு இந்த மூடும் சோதனைதான் முக்கியம், பலர் திறப்பதைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி என்பது கடற்கரை ஊர்க் கணக்கு. 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கொதிநீரில் 187 ஓம் வரவில்லை என்று சென்சாரைக் குறை சொல்லக் கூடாது, 95இல் முழுதும் திறக்கும் தெர்மோஸ்டாட் பாதியோடு நிற்பதும் சரியே. தெர்மாமீட்டர் காட்டுவதைத்தான் நம்ப வேண்டும், குமிழியை அல்ல.

வயர் உள்ள தெர்மோஸ்டாட்டில் உள்ளே ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். அதன் சர்க்யூட் கோளாறுக்கு பி0597, பி0598, பி0599 என்று தனிக் கோடுகள் உண்டு. இவற்றில் பல தானாக 100 டிகிரிக்கு மேல்தான் திறக்கும் என்பதால் பாத்திரத்தில் திறக்காது.

மாட்டும்போது

பழைய செப்பு வாஷரை மறுபடி போட வேண்டாம். ஹவுசிங் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ என்றால் ஸ்பேனரில் முழு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அல்லது விரிசல் விடும். மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவு போதும். கிளிப் வகையில் புது ஓரிங்கைக் கூலன்டில் நனைத்துச் செருகுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியே வெளியேறுகிறது.

கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். சிந்திய கூலன்டைத் துடைத்துக் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.

பிழைக் கோடை ஆப்பில் அழித்துவிட்டு, மறுநாள் விடியற்காலை ஒப்பீட்டை மறுபடி செய்யுங்கள். பிறகு இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி ஆப்பைப் பாருங்கள். பி0128 ஒரே ஓட்டத்தில் திரும்பி வராது. பல வண்டிகளில் இரண்டு குளிர் ஸ்டார்ட் தொடர்ந்து தோற்றால்தான் விளக்கு எரியும். அதனால் இரண்டு மூன்று காலைகள் பார்த்துவிட்டே வேலை முடிந்தது என்று கணக்கு வையுங்கள்.